பிள்ளையை ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்க்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

தவணை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளில் சிறுவர் தற்காப்புக்கலை வகுப்புகளுக்கான அறிவித்தல்கள் மதில்களிலும் கைபேசிக் குழுக்களிலும் பெருகிவிடுகின்றன. ஒரு காலத்தில் அவற்றில் கராத்தேயே பெரும்பாலும் இருந்தது. இப்போது பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற பெயரும் அடிக்கடி கண்ணில் படுகிறது. கொழும்புப் பாடசாலையொன்றில் நீண்டகாலம் உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவள் என்பதாலும், என் பேரப்பிள்ளைகள் இக்கலையைப் பயில்வதாலும், எந்த வகுப்பு நல்லது என்று அயலிலுள்ள பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. அதைத் தொடர்ந்து அவர்கள் கேட்பவை பெரும்பாலும் மூன்று: அங்கே எத்தனை பதக்கம் எடுத்திருக்கிறார்கள், கறுப்புப் பட்டி பெற எத்தனை வருடமாகும், வான் வசதி உண்டா? கடைசியாகக் கேட்கவேண்டிய இக்கேள்விகளை முதலில் கேட்டுவிட்டுப் பணத்தையும் கட்டிவிடுகிறார்கள் என்பதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இக்கலை எத்தகையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஏனெனில் சில இடங்களில் குத்துச்சண்டை, உதைச்சண்டை, கலப்புத் தற்காப்புக்கலை எல்லாம் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நடக்கின்றன. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் குத்தும் இல்லை, உதையும் இல்லை. எதிராளியைப் பிடித்துத் தரைக்குக் கொண்டுசென்று, மேலிருந்தோ கீழிருந்தோ அவருடைய அசைவைக் கட்டுப்படுத்தி, மூட்டை மடக்கியோ கழுத்தை இறுக்கியோ சரணடையச் செய்வதே அதன் வழி. இதன் தாய் ஜூடோ. ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவில் தொடங்கிய கொடோகன் என்ற ஜூடோப் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலுக்குச் சென்றார். பெலேம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் தம்பி ஹேலியோவும் தரைப்பிடிகளை வளர்த்தெடுத்துத் தனிக்கலையாக்கினார்கள். 1993இல் அமெரிக்காவில் நடந்த யுஎஃப்சி எனப்படும் கலப்புத் தற்காப்புக்கலைத் தொடரின் முதலாவது போட்டியில் ஹேலியோவின் மகன் ரோய்ஸ் கிரேசி தம்மைவிடப் பருத்தவர்களை வென்ற பின்னரே உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. அப்போட்டிகளின் காணொளிகளைப் பார்த்துவிட்டு மகனைச் சேர்க்க வரும் தந்தையரும் உண்டு. சிறுவர் வகுப்பு அந்தக் காணொளிபோல் நடந்தால், பிள்ளையை அன்றே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவது உத்தமம்.

சரணடைதல் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றியே நான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. பிடியில் அகப்பட்டவர் எதிராளியின் உடலிலோ விரிப்பிலோ கையால் சில தரம் தட்டினால் பிடி அக்கணமே தளர்த்தப்படவேண்டும். கை அகப்பட்டிருந்தால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம், போட்டிகளிலேகூட வலியால் எழும் அலறல் சரணடைதலாகவே கொள்ளப்படுகிறது. முழுப் பலத்தோடு ஒருவரையொருவர் எதிர்த்துப் பழகும் இக்கலையில், மறுநாளும் அதே முழங்கையோடும் அதே தோள்மூட்டோடும் பிள்ளை பாடசாலைக்குப் போவது இந்த ஓர் ஏற்பாட்டினால்தான். ஆகவே வகுப்பைத் தெரிவுசெய்ய ஒரே ஓர் அளவுகோல் தாருங்கள் என்று யாரேனும் கேட்டால், பிள்ளை தட்டும்போது அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்பதே என் பதில்.

இதைப் பார்ப்பதற்கு ஒரு முழு வகுப்பும் உட்கார்ந்திருக்கவேண்டும். பத்து நிமிடம் வாசலில் நின்று பார்த்தால் போதாது. ஆரம்பத்தில் ஓட்டம், உருளல், நுட்பம் காட்டல் என்பவை எங்கும் ஒழுங்காகவே நடக்கும். பயிற்றுநரின் தரம் தெரிவது கடைசிப் பகுதியில், பிள்ளைகள் சோடி சோடியாக மோதிப் பழகும் வேளையில்தான். அப்போது வகுப்பின் நட்சத்திரப் பிள்ளையைப் பார்க்காதீர்கள்; அந்தப் பிள்ளை எங்கிருந்தாலும் நன்றாகச் செய்யும். ஆகச் சிறிய பிள்ளையை, ஆகப் புதிதாகச் சேர்ந்த பிள்ளையைப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு யாரைச் சோடியாக விடுகிறார்கள்? தட்டியதும் மற்றப் பிள்ளை உடனே விடுகிறதா, அல்லது இன்னும் ஒரு நொடி இறுக்கிப் பார்த்துவிட்டு விடுகிறதா? அந்த ஒரு நொடியைப் பயிற்றுநர் கண்டாரா, கண்டும் பேசாமல் இருந்தாரா? சீக்கிரம் தட்டிவிட்ட பிள்ளையைப் பார்த்து யாராவது சிரிக்கிறார்களா? பயிற்றுநரே ‘இன்னும் கொஞ்சம் தாங்கு’ என்று சொல்பவராக இருந்தால், அவருடைய பட்டி எந்த நிறமாயிருந்தாலும் எனக்கு அவர் வேண்டாம். சிறு பிள்ளைகள் விடயத்தில் தட்டும்வரைகூடக் காத்திராமல், பிடி சரியாக விழுந்துவிட்டது என்று கண்டதுமே ‘போதும்’ என்று நிறுத்தும் பயிற்றுநர்களை நான் பார்த்திருக்கிறேன்; அத்தகையவர் கிடைத்தால் தூரத்தைப் பாராமல் சேர்க்கலாம். ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன்: வாங்கில் இருக்கும் நம்மவர்களும் ‘விடாதே, விடாதே’ என்று கத்துவதை நிறுத்தவேண்டும். சில மண்டபங்களில் விரிப்பிலிருந்து எழும் சத்தத்தைவிட வாங்கிலிருந்து எழும் சத்தமே பெரிது.

நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்குண்டு. கொழும்பில் இத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்தே நடக்கின்றன. தமிழ் மொழிமூலம் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு, அதிலும் யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ அண்மையில் கொழும்புக்கு வந்த பிள்ளைக்கு, பயிற்றுநர் ‘நிறுத்து’ என்று எந்த மொழியில் சொல்வார் என்பது முதல் நாளே தெரிந்திருக்கவேண்டும். பிள்ளை ‘ஐயோ, நோகுது’ என்று அழுதால் நிறுத்தவேண்டும் என்பது பயிற்றுநருக்கும் சோடிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டும். பயிற்றுநருக்குத் தமிழ் தெரிந்திருக்கவேண்டிய கட்டாயமில்லை. இதைச் சொன்னால் அவர் காதுகொடுத்துக் கேட்கிறாரா, அலட்சியமாகச் சிரிக்கிறாரா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

வயதுக்கு வருவோம். சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு சம்மேளனத்தின் சிறுவர் பிரிவுகள் 4 வயதிலிருந்து தொடங்குகின்றன என்பதற்காக நான்கு வயதுப் பிள்ளை மோதிப் பழகவேண்டும் என்றில்லை. நான்கு, ஐந்து, ஆறு வயதுக்காரருக்கான வகுப்பு விளையாட்டாகவே இருக்கவேண்டும்: அடிபடாமல் விழுவது, உருள்வது, இறாலைப்போல் இடுப்பை மடக்கிப் பின்னோக்கி நகர்வது, மேலே ஏறியிருப்பவரைப் புரட்டிவிடுவது, ஒருவர் இடுப்பில் செருகிய பட்டியை மற்றவர் பறிப்பது. அரை மணித்தியாலம், மிஞ்சினால் முக்கால் மணித்தியாலம் போதும். ஐந்து வயதையும் பன்னிரண்டு வயதையும் ஒரே வகுப்பில் ஒரே நேரத்தில் விட்டிருந்தால், அது இடவசதிக்காகச் செய்த ஏற்பாடு, பிள்ளைகளுக்காகச் செய்ததன்று.

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு எனப்படும் மென்மையான பகுதி இருக்கிறது. பருவ வளர்ச்சி முடியும்வரை அது முற்றாக எலும்பாகி இறுகுவதில்லை. வளர்ந்தவருக்குச் சுளுக்கோடு போகக்கூடிய விசை பிள்ளைக்கு அந்தத் தட்டையே பாதிக்கலாம். முழங்கையை நிமிர்த்தி மடக்கும் பிடியைச் சிறு பிள்ளைகள் வேகமாகப் போடக்கூடாது என்று நல்ல பயிற்றுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான். மேற்சொன்ன சம்மேளனத்தின் விதிகளே 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முன்புறமாகக் கழுத்தை அணைத்து நெரிக்கும் பிடியையும், பாதத்தை நேராக இழுத்துப் பூட்டும் பிடியையும் தடைசெய்கின்றன. குதிகாலைத் திருகி முழங்காலைச் சிதைக்கும் பிடி எந்தச் சிறுவர் பிரிவிலும் இல்லை. கால்களைக் கத்தரிபோல் விரித்து எதிராளியை வீழ்த்துவதும், தூக்கிவைத்துத் தரையில் அறைவதும் எந்த வயதிலும் கூடா. எனவே பயிற்றுநரிடம், கழுத்துப் பிடிகளை எத்தனை வயதில் கற்பிக்கிறீர்கள், எவற்றை இங்கே தடைசெய்திருக்கிறீர்கள் என்று நேராகவே கேளுங்கள். தயக்கமின்றி விடை வந்தால் அவர் அதைப் பற்றி முன்னரே சிந்தித்திருக்கிறார். தலையில் அடிபட்ட பிள்ளையை என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி. ‘அன்றைக்கு மீண்டும் விரிப்பில் ஏற விடமாட்டேன், வைத்தியரிடம் காட்டச் சொல்வேன்’ என்பதைத் தவிர வேறெந்த விடையும் ஏற்கத்தக்கதன்று.

பட்டிகளைப் பற்றி நம்மிடையே பெரிய மயக்கம் உண்டு. கராத்தேயில் பத்து, பன்னிரண்டு வயதில் கறுப்புப் பட்டி கட்டிய பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, இங்கேயும் அப்படித்தான் என்ற எண்ணம். அப்படியன்று. 15 வயதுவரை வெள்ளை, சாம்பல், மஞ்சள், செம்மஞ்சள், பச்சை என்ற சிறுவர் பட்டிகள் மட்டுமே. மஞ்சளுக்குக் குறைந்தது 7 வயது, செம்மஞ்சளுக்கு 10, பச்சைக்கு 13. நீலப் பட்டி 16 வயதில்தான் கிடைக்கலாம். கறுப்புப் பட்டிக்குக் குறைந்த வயது 19. நடைமுறையில் பெரும்பாலோர் அதற்குப் பத்தாண்டளவில் உழைக்கிறார்கள். ஆகவே இத்தனை வருடத்தில் உங்கள் பிள்ளைக்குக் கறுப்புப் பட்டி என்று ஒருவர் உத்தரவாதம் தந்தால், அவர் வேறு ஏதோ ஒன்றை விற்கிறார். பயிற்றுநரின் தகுதியைப் பொறுத்தவரை, அவருக்குப் பட்டி கட்டியவர் யார், அவருக்கு யார் என்று கேட்பது இக்கலையில் மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. குருபரம்பரை கேட்பது நமக்கும் புதிதன்று. நீலப் பட்டியோ அதற்கடுத்த ஊதாப் பட்டியோ அணிந்த ஒருவர், மூத்த ஆசிரியர் ஒருவரின் கண்காணிப்பில் சிறுவருக்குக் கற்பிப்பதில் தவறேதும் இல்லை. போட்டிகளில் வென்ற கறுப்புப் பட்டிக்காரரைவிட, நீலப் பட்டி கட்டிய ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை ஆறு வயதுப் பிள்ளைகளை நன்றாக ஆளக்கூடும்.

இனி, கொழும்பின் வெக்கையும் ஈரப்பதனும் கொண்டுவரும் விடயம். தோலோடு தோல் உராயும் கலை இது. வியர்வை ஊறிய விரிப்பில் படர்தாமரை தொற்றுவதும், கீறல் வழியே பற்றீரியா புகுந்து கொப்புளமாவதும் உலகெங்கும் இக்கலையில் அறியப்பட்ட தொல்லைகள். நமது காலநிலையில் அவற்றுக்கு இன்னும் வாய்ப்பு அதிகம். விரிப்பை ஒவ்வொரு நாளும் கிருமிநாசினியிட்டுத் துடைக்கிறார்களா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், துடைப்பதைக் கண்ணால் பாருங்கள். அதைவிட எளிதான சோதனை ஒன்றுண்டு: பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகும்போது செருப்புப் போட்டுக்கொண்டு போகிறார்களா, வெறுங்காலோடு போய் அதே காலோடு விரிப்பில் ஏறுகிறார்களா? வகுப்புக்கு முன் நகம் பார்க்கிறார்களா? தோலில் வட்டமாய்த் தடித்திருக்கும் பிள்ளையை, அப்பிள்ளை மனம் நோகாதபடி ஓரமாக அழைத்து, மாறும்வரை வரவேண்டாம் என்று சொல்லும் துணிவு பயிற்றுநருக்கு உண்டா? இதில் பெற்றோர் பங்கும் இருக்கிறது. கி எனப்படும் அந்தத் தடித்த பருத்திச் சீருடை மழைக்காலத்தில், அதுவும் வெயில் விழாத அடுக்குமாடி வீட்டில், ஒரு நாளில் காயாது. அரைகுறையாகக் காய்ந்ததை மீண்டும் உடுத்துவது நோயைக் கூப்பிடுவதற்குச் சமம். வாரத்தில் இரண்டு மூன்று வகுப்பு என்றால் இரண்டு சீருடை வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொற்று வந்துவிட்டால் பாமசியில் கேட்டு ஸ்டீரொய்ட் கலந்த கிறீமைப் பூசாதீர்கள்; சிவப்பு மறையும், பூஞ்சணம் உள்ளே பரவும். வைத்தியரிடம் காட்டுவதே சரி.

விரிப்பின் தடிப்பையும் பாருங்கள். கராத்தேக்கு விரிக்கும் 2 சென்ரிமீற்றர் அளவிலான மெல்லிய துண்டுகள் எறிந்து வீழ்த்தும் கலைக்குப் போதா. ஜூடோ விரிப்புகள் வழக்கமாக 4 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். வாடகை மண்டபமாயின், தூண்களும் சுவர் மூலைகளும் விரிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், ஆகையால் நான் உரத்தே எழுதுகிறேன். இக்கலையில் உடல் உடலோடு நெருங்காமல் எதுவும் கற்க முடியாது. சிறு வயதில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பழகுவதில் நான் குறை காணவில்லை. தன்னைவிடப் பலமான ஒருவரின் கீழிருந்து வெளிவரத் தெரிந்த பெண் பிள்ளைக்கு வரும் நிமிர்வை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். பூப்பெய்திய பின் சோடி யார் என்பதை அந்தப் பிள்ளையின் விருப்பத்துக்கு விடவேண்டும். ‘இவரோடு நான் பழகவில்லை’ என்று அவள் சொன்னால், காரணம் கேட்காமல் சோடியை மாற்றும் இடமாக அது இருக்கவேண்டும். வகுப்பில் அவள் ஒருத்தி மட்டுமே பெண்ணா, பெண் பயிற்றுநர் அல்லது வளர்ந்த மாணவி எவரேனும் உள்ளனரா என்று பாருங்கள். ஆண் பிள்ளையைப் பெற்றவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். அடுத்து வருவது இருபாலாருக்கும் உரியது.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத வகுப்பில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். கவனம் சிதறும் என்பார்கள். ஒழுக்கம் கெடும் என்பார்கள். கண்ணாடிக்கு அப்பாலிருந்தாவது பார்க்க வழியிருக்கவேண்டும். உடைமாற்றும் அறையில் வளர்ந்தவர்களும் சிறுவரும் சேர்ந்திருக்கிறார்களா, மூடிய கதவுக்குள் தனி வகுப்பு நடக்கிறதா, பயிற்றுநர் பிள்ளைக்கு நேரடியாகச் செய்தி அனுப்புகிறாரா அல்லது பெற்றோர் உள்ள குழுவிலேயே எல்லாவற்றையும் அறிவிக்கிறாரா, வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது யார் யாரோடு தங்குகிறார்கள், பிள்ளையின் படத்தை முகநூலில் இட உங்களிடம் கேட்கிறார்களா என்பவை எல்லாம் கேட்கத்தக்க கேள்விகள்; நல்லவர் எவரும் இவற்றால் புண்படமாட்டார். பொலிஸ் நற்சான்றிதழ் கேட்பதும் அவ்வாறே. தவறு செய்த பிள்ளையைப் பட்டியால் அடிப்பதும், அழும்வரை தண்டால் எடுக்கச் செய்வதும் ஒழுக்கப் பயிற்சியன்று. நான் கற்பித்த காலத்திலேயே அவற்றுக்கு எதிராகப் பேசியவள், இன்றும் பேசுகிறேன். எதுவாயினும் ஐயம் எழுந்தால், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாதக் கட்டணத்தோடு சீருடை, பட்டித் தேர்வு, சங்க அங்கத்துவம், போட்டிப் பதிவு என்பவற்றையும் கூட்டிப் பார்த்தபின் ஒப்பிடுங்கள். ஒரு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கும் இடங்களில் அவசரப்பட வேண்டாம். 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையோ சாதாரண தரப் பரீட்சையோ நெருங்கினால் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டுத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அப்படி நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வாரத்தில் இரண்டு மாலை விரிப்பில் புரண்டு வந்த பிள்ளை படிப்பில் பின்தங்கியதை நான் கண்டதில்லை.

பாடசாலையில் பிள்ளையைச் சக மாணவர் துன்புறுத்துகிறார்கள், அதனால்தான் சேர்க்கிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிக்காமலே ஒருவரைப் பிடித்து நிறுத்தவும், பதற்றமில்லாமல் விடுபடவும் இக்கலை பழக்கும். அது பெரிய துணைதான். ஆனால் துன்புறுத்தலை நிறுத்தும் பொறுப்பு அதிபருக்கும் வகுப்பாசிரியருக்கும் உரியது. அந்தச் சுமையை எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் இறக்கிவிட்டு நாம் ஒதுங்கக்கூடாது.

தங்களிடமும் அதிகாரிகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் தேசிய விளையாட்டுச் சங்கங்கள் பதிவுபெறுகின்றன. ஆனால் சங்கம் ஒன்று பதிவுபெற்றிருப்பதால், அதன் பெயரைச் சொல்லி வாடகை மண்டபத்தில் சிறுவர் வகுப்பு நடத்தும் ஒவ்வொருவரையும் யாரோ வந்து பார்த்திருக்கிறார்கள் என்று ஆகிவிடாது. விளையாட்டுத்துறை அமைச்சும் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் சேர்ந்து, சிறுவருக்குத் தற்காப்புக்கலை கற்பிப்போர் கடைப்பிடிக்கவேண்டிய ஒழுங்குகளை மும்மொழியிலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு மண்டப வாசலிலும் ஒட்டச் செய்தால் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும். தங்கள் பத்திரிகையும், விடுமுறைக்கால வகுப்பு விளம்பரங்களை ஏற்கும்போது, பயிற்றுநரின் பெயர், அவருடைய பட்டி, அதை வழங்கியவர், முதலுதவிப் பயிற்சி பெற்றவர் மண்டபத்தில் இருப்பாரா, பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா என்ற விபரங்களை விளம்பரத்திலேயே தரும்படி கேட்கலாம். பதக்கப் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியே இதற்குப் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.